வசூல்காரர் இறைத்த கிணறு

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த கிருஷ்ணப்ரியா, "ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பிரமாதம்" என்றாள்.

பக்கத்தில் கிணற்றுக்காரன் பொன்ராஜ் நின்றான். தண்ணீர் இல்லாத கிணற்றைப் பார்த்து அழுதவர்களை அவனுக்குத் தெரியும். எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிப் போன அதிகாரிகளையும் தெரியும். பிரமாதம் என்று சொல்லி அதைப் படம் பிடித்துக்கொண்ட மனுசி இவள்தான் முதல் ஆள். அவளை என்ன செய்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

அவன் படம் எடுக்கக் கிணற்றைக் கொடுத்ததே தண்ணீருக்காகத்தான். கிணற்றுக்குத் தெற்கே அவனுடைய பருத்திக்காடு. ஐப்பசியில் நல்லபடியாகத்தான் விதைத்தான். கார்த்திகையில் இரண்டு மழை பெய்து ஆசை காட்டிவிட்டு, அப்புறம் வானம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. இப்போது மாசி. செடி முழுக்கப் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, வேரில் ஈரம் இல்லை. ஒரே ஒரு உயிர்த்தண்ணீர் பாய்ந்தால் காய் பிடித்துவிடும். பாயாவிட்டால் பிஞ்செல்லாம் கொட்டிவிடும்.

கொட்டினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. அவன் மனைவி ஈஸ்வரி ஏற்கெனவே துணிமணிகளை இரண்டு பைகளில் கட்டி வாசல் ஓரம் வைத்துவிட்டாள். திருப்பூரில் அவள் தம்பி ஒரு பனியன் கம்பெனியில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தான். போன வருசம் காய்ந்தபோதும், அதற்கு முந்தின வருசம் காய்ந்தபோதும், இந்த ஒரு வெள்ளாமை பார்த்துவிடுவோம் என்று பொன்ராஜ் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டிவிட்டான். இந்த முறை அவள் மசியவில்லை. பருத்தி பிழைத்தால் பையை அவிழ்ப்பாள். காய்ந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுவாள். அவன் வருவதும் வராததும் அவன் பாடு.

வருகிற போகிற காருக்கெல்லாம் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிடுகிற வேலை. அதை நினைத்தாலே பொன்ராஜுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

அந்த நேரத்தில்தான் நியாஸ் வந்து சேர்ந்தான். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை அப்துல் கரீமின் மகன். வளைகுடாவில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் திரும்பி வந்து, சினிமாக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து ஒரு பெண் இயக்குநர் வந்திருப்பதாகவும், பழைய கதைகளை எடுத்து, அதில் வருகிற ராஜாவையும் திருடனையும் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் இன்றைய ஏழைபாழைகளின் கஷ்டத்தை வைத்துப் படம் பண்ணுவதாகவும் சொன்னான். இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய், களை எடுக்கிற பெண்களிடமெல்லாம் உட்கார்ந்து கதை கேட்டு வந்தவளாம்.

"அவுகளுக்கு ஒங்க கெணறுதான் வேணுமாம்ணே. வேற எதையும் பாக்கவே மாட்டேங்குறாக."

சுற்று வட்டாரத்தில் காய்ந்த கிணற்றுக்கா பஞ்சம்? இருந்தும் தன் கிணறு ஒருத்தி கண்ணில் பட்டிருக்கிறதே என்று பொன்ராஜுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என்ன கதை என்று கேட்டான்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கெட்டிக்காரன் ஒருவன் வீட்டுத் தோட்டத்தில் திருடர்கள் ஒளிந்திருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு அவன் மனைவியிடம், நகைப்பெட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டேன் என்று சத்தமாகச் சொல்லுவான். திருடர்கள் பெட்டியை எடுக்கிற ஆசையில் விடிய விடியக் கிணற்றை இறைப்பார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குப் பாயும். விடிந்ததும் அவன் வெளியே வந்து, "எறச்சது போதும் தம்பிகளா, பாத்தி நெறஞ்சுபோச்சு" என்பான். கிருஷ்ணப்ரியாவின் படத்தில் அந்தத் திருடர்களுக்குப் பதில் இரண்டு வசூல்காரர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, சட்டையை இன் பண்ணி, பைக்கில் வந்து இறங்குகிற பைனான்ஸ் ஆட்கள்.

பொன்ராஜ் அந்தத் திருடனையும் வசூல்காரனையும் காதிலேயே வாங்கவில்லை. அவன் புத்தி கடைசி வரியில் போய் உட்கார்ந்துகொண்டது. கிணற்றை இறைப்பார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும். கிணறு காய்ந்து கிடக்கிறது, ஆகவே இவர்களே லாரித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஊற்றிய தண்ணீரை இவர்களே இறைப்பார்கள். பாய்வது எங்கே? அவனுடைய பருத்திக்கு. கடவுளே சினிமா கம்பெனி வைத்து அனுப்பியது போலிருந்தது அவனுக்கு. வாடகையே வேண்டாம், தண்ணீர் மட்டும் வாய்க்காலில் போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான்.

கிணறு அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. பங்காளிக் கிணறு. பாதி அவனுடையது, பாதி அவன் பெரியப்பா மகனுடையது. அந்த அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய் இருக்கிறாள். வாய்க்கால் கவட்டையாகப் பிரிகிற இடத்தில் வலது பக்கம் இவன் பருத்தி, இடது பக்கம் அவள் மிளகாய். தண்ணீர் கிடந்த காலத்தில் ஒரு நாள் இவன் முறை, மறுநாள் அவள் முறை. இப்போது வெறுங்கிணற்றில் யாருக்கு என்ன முறை? படம் எடுக்கச் சம்மதமா என்று நியாஸ் போய்க் கேட்டதற்கு, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சும்மா கிடக்கிற கிணறுதானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாளாம். பாவம், வெள்ளந்தி மனுசி என்று பொன்ராஜ் நினைத்துக்கொண்டான்.

இவ்வளவும் கணக்குப் போட்டு வைத்திருந்தவனிடம்தான் இந்தப் பெண் பிரமாதம் என்கிறாள்.

"தண்ணி ஊத்த மாட்டீகளாம்மா?"

ஊற்ற மாட்டாளாம். வசூல்காரர்கள் இறைக்க இறைக்க வாளியில் மண்ணும் சருகும் மட்டும்தான் வருமாம். அதுதான் இந்தக் காலத்தின் அடையாளமாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க வலிய உலகத்துக்கே காட்டப் போறேன்ணா" என்றாள். உலகம் பார்த்து என்ன செய்ய? பொன்ராஜுக்கு அழுகை முட்டியது. அவளும் அழ, இவனும் அழ, ஒருவர் துக்கம் மற்றவருக்குப் புரிந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு வந்த ஆவுடைத்தாய் கொஞ்சம் நின்றாள். யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்: "கதையில செடி நனையுமே. தண்ணி இல்லாம எப்பிடி நனையும்?" சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொன்ராஜ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். செடி நனையாவிட்டால் கதை முடியாது, முடியாத கதையை எவன் பார்ப்பான் என்று அன்று பூராவும் கிருஷ்ணப்ரியாவின் பின்னாலேயே நடந்து மன்றாடினான். கடைசியில் காமிராக்காரர்தான் காப்பாற்றினார். தண்ணீர் இருந்தால் வெளிச்சம் பட்டு மின்னும், அழகாக இருக்கும் என்றார். அவள் அரை மனதாகத் தலையாட்டினாள். பொன்ராஜுக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கடைசியில் செடி நனையப் போகிறது என்றால், முதலில் அது கருகிக் கிடக்க வேண்டும் அல்லவா? இவன் பருத்தி வாடியிருந்தது, ஆனால் படத்துக்குப் போதுமான அளவுக்கு வாடவில்லையாம். மறுநாள் கலை இயக்குநரின் ஆட்கள் நாலு பேர் இறங்கி, கிணற்றடியை ஒட்டிய வரிசைகளில் இலையை உருவினார்கள், பூவைப் பறித்தார்கள், மிச்சத்துக்குச் செம்மண் கரைசல் அடித்தார்கள். இவன் வரப்பில் நின்று தலையிலடித்துக்கொண்டான். கிருஷ்ணப்ரியா அதையும் காமிராவில் எடுத்துக்கொண்டு, இவ்வளவு இயல்பான நடிப்பு யாருக்கும் வராது என்றாள்.

இந்த வரிசைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதற்குப் பின்னால் காமிரா பார்க்காது என்று காலில் விழாத குறையாகக் கேட்டு மற்றதைக் காப்பாற்றினான். போனது போகட்டும், தண்ணீர் பாய்ந்தால் மீதி பிழைக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

தண்ணீர் லாரி வருகிற நாளில் நடிகர்களும் வந்தார்கள். இரண்டு பேரும் இன் பண்ணிய சட்டை, பளபளக்கும் ஷூ, கழுத்தில் அட்டை, தோளில் பை என்று அச்சு அசலாக இருந்தார்கள். டீ குடிக்கலாம் என்று அதே வேஷத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார்கள். அவ்வளவுதான். முதல் தெருவில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் வரிசையாக எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. மகளிர் குழுப் பெண்கள் கொல்லை வழியாக இறங்கிக் காட்டுக்குள் போனார்கள். ஒருத்தி போனைப் போட்டுப் பரளச்சியில் இருக்கும் தங்கச்சிக்குச் சொல்ல, அங்கேயும் ரெண்டு தெரு காலியானதாகப் பிறகு கேள்வி. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் கடையிலேயே வாடிக்கையாளர் போல உட்கார்ந்து, கடைக்காரர் எங்கே போனாரோ தெரியவில்லை என்று சொன்னார்.

ஈஸ்வரியும் ஓடியவர்களில் ஒருத்தி. இது சினிமா என்று பொன்ராஜ் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இருந்தாலும் அந்த அட்டையைக் கண்டதும் கால் தன்னால் ஓடிவிட்டது என்று பின்னால் சொன்னாள்.

ஊர் ஓடியது பெரிதில்லை. லாரியும் ஓடிவிட்டது. சொந்த லாரி, தவணை வண்டி. கிணற்றடியில் இன் பண்ணிய சட்டையோடு இரண்டு பேர் நிற்பதை ரோட்டிலிருந்தே பார்த்த டிரைவர் சங்கர், ஹாரன்கூட அடிக்காமல் வண்டியைத் திருப்பி, வந்த வழியே பறந்தான். அவன் போன வழியெல்லாம் தண்ணீர் தளும்பி ரோட்டில் சிந்தியது. பொன்ராஜ் டிவிஎஸ் வண்டியை முறுக்கிக்கொண்டு பின்னாலேயே விரட்டினான். ஒரு வண்டி துரத்துவதைக் கண்ணாடியில் பார்த்த சங்கர் இன்னும் வேகமாக மிதித்தான். திருச்சுழி ரோட்டில் ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்ததால்தான் லாரி நின்றது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சங்கர் சொன்னான்: "அண்ணே, வண்டிய எடுத்துக்கிடச் சொல்லுங்க. தண்ணிய மட்டும் எறக்கிவச்சிட்டுப் போறேன்."

பொன்ராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனை ஆசுவாசப்படுத்தி, அவர்கள் நடிகர்கள் என்று சத்தியம் பண்ணி, முன்னால் டிவிஎஸ்ஸில் வழிகாட்டிக் கூட்டிவந்தான். வருகிற வழியில் ஒரு யோசனை தோன்றியது. எப்படியும் பருத்திக்குப் போகிற தண்ணீர்தானே, கிணறு எதற்கு, குழாயை நேராகக் காட்டுக்குள் திருப்பிவிட்டால் என்ன? நியாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. படத்துக்கு வாங்கிய தண்ணீர் படத்தில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சென்னையில் தன்னைத்தான் கேட்பார்கள் என்றான். அவன் பிழைப்பும் அப்படித்தான் ஓடுகிறது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

லாரித் தண்ணீர் கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டு பொன்ராஜுக்குப் புல்லரித்தது. எத்தனை காலம் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. விழுந்தது, நுரைத்தது, சுற்றியது. பிறகு காணோம். வருசக் கணக்கில் வெயில் குடித்துக் கிடந்த கிணறு, பாளம் பாளமாக வெடித்திருந்த அடிமண் வழியாக ஒரு லாரித் தண்ணீரையும் உறிஞ்சிவிட்டது. அடுத்த லோடும் அப்படியே போனது. அதற்கடுத்ததில் ஒரு சாண் சேறு நின்றது. கிருஷ்ணப்ரியா கையைப் பிசைந்தாள். தண்ணீரே வேண்டாம், முதலில் நினைத்தபடி மண்ணையே இறைத்துவிடலாம் என்று மறுபடி ஆரம்பித்தாள்.

பொன்ராஜ் கிணற்று மேட்டில் குந்திவிட்டான். பூவும் போயிற்று, தண்ணீரும் போயிற்று.

அப்போது ஆவுடைத்தாய் வந்தாள். இடுப்பில் ஒரு பெரிய தார்ப்பாய்ச் சுருள். மிளகாய் காயப்போடுகிற தார்ப்பாய். "அடியில விரிச்சா நிக்கும்ல" என்று அவன் பக்கத்தில் போட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுசியா என்று பொன்ராஜ் உருகிப்போனான். அவள் மிளகாயும் சுருண்டுதான் கிடக்கிறது. அதை விட்டால் அவளுக்கும் வேறு நாதி இல்லை. அப்படியிருந்தும் கொழுந்தன் பிழைக்கட்டும் என்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே. பருத்தி வெடித்ததும் முதல் எடுப்பில் மதினிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவு பண்ணினான்.

தார்ப்பாய் விரித்தார்கள், இன்னும் இரண்டு இரவல் வாங்கி ஒட்டுப்போட்டார்கள். தண்ணீர் நின்றது. லோடு லோடாக விழுந்து, கிணற்று உறையில் பாதிக்கு ஏறி நின்றது. பொன்ராஜ் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டான். தாடி வளர்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் ராத்திரிக் காட்சி தொடங்கியது. பகலில் எடுத்து அப்புறம் இருட்டாக்கிக்கொள்வார்களாம். வெளிச்சம் அதிகமாகத் தெரியாமலிருக்க, கிணற்றுக்கும் காட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் கறுப்புத் துணியை நீளமாகக் கட்டினார்கள். வாய்க்கால் அந்தத் துணிக்கு அடியில் நுழைந்து போனது. கொளுத்துகிற வெயிலில் நடிகர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தடவிப் பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள்.

பேசுகிற வரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். இறைக்கச் சொன்னதும் வண்டவாளம் தெரிந்தது. வாளி உள்ளே போனது, மேலே வரவில்லை. ஒருவனுக்கு உள்ளங்கை பிய்ந்துவிட்டது. இன்னொருவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தலைசுற்றி விழுந்தான். இளநீர் கொடுத்து வேனுக்குள் ஏசியில் படுக்க வைத்தார்கள். முகம் தெரிகிற காட்சி வரைக்கும் ஆகிவிட்டது, இனி முதுகும் கையும்தான் வேண்டும், கிணறு வற்றுகிற வரைக்கும் நிறுத்தாமல் இறைக்க ஓர் ஆள் இருந்தால் போதும் என்று கிருஷ்ணப்ரியா சுற்றிலும் பார்த்தாள்.

ஓரத்தில் மண்வெட்டியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய், "எங்க கொழுந்தனாருக்கு நல்ல கைப்பழக்கம்" என்றாள்.

எல்லோரும் பொன்ராஜைப் பார்த்தார்கள். அவனுக்கு மறுப்புச் சொல்ல என்ன இருக்கிறது? தன் தண்ணீரைத் தன் காட்டுக்குத் தானே இறைக்கப் போகிறான். வேட்டியை அவிழ்த்துப் பேன்ட்டை மாட்டினார்கள். சட்டையை இன் பண்ணி, அட்டையைக் கழுத்தில் போட்டார்கள். ஷூ ஒரு சைஸ் சின்னது. கடன் வாங்கியே பழகிய உடம்பில் வசூல்காரன் சட்டை கனகச்சிதமாகப் பொருந்தியதுதான் வேடிக்கை.

ஒரே ஒரு நிபந்தனை. திரும்பக் கூடாது. திரும்பினால் முகம் தெரிந்துவிடும்.

பொன்ராஜ் இறைத்தான். உருளை கிறீச்சிட, வாளி இறங்கி ஏறி, தொட்டியில் கவிழ்ந்து, தண்ணீர் சலசலவென்று வாய்க்காலில் ஓடிக் கறுப்புத் துணிக்குள் மறைந்தது. மோட்டாரை என்றைக்கோ எடைக்குப் போட்டாயிற்று, அதனால் என்ன, அவனே மோட்டாராகிவிட்டான். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு செடி நிமிர்வதாக நினைத்துக்கொண்டான். ஒருதரம் ஆசை தாங்காமல் காட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பினான்.

"அண்ணா, திரும்பிப் பாக்காதீங்க."

சரி என்று கிணற்றையே பார்த்தான். கை கொப்பளித்தது, கொப்புளம் உடைந்தது, கயிறு சிவந்தது. விடவில்லை. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஒரு வேலையும் செய்ததில்லை.

இறைப்பை நிறுத்தி லென்ஸ் மாற்றிய நேரத்தில், முதல் நாள் ஓடிப்போன ஈஸ்வரி ரோட்டிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். தூரத்திலிருந்து அவள் கண்ணுக்குத் தெரிந்தது இன் பண்ணிய ஒரு முதுகு. வசூல்காரன் வீடு தாண்டிக் கிணற்றுக்கே வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள். ஓடி ஓடி அலுத்துப்போனதோ என்னவோ, இந்தத் தடவை அங்கேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, எப்போதும் சொல்கிற அந்தக் குரலில் சொன்னாள்:

"அவுக ஊர்ல இல்ல சார். திருப்பூருக்குப் போயிட்டாக."

பொன்ராஜ் திரும்பினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கிட்டே போய், காட்டுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னான்.

"நெசமாவா?"

"கெணத்துல பாதி போயிருச்சு. நீ போய்ப் பைய அவுத்துப்போடு."

அவள் அவன் கையைப் பார்த்தாள். துணிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று நின்றவளை, படத்துக்காரர்கள் குறுக்கே போகக் கூடாது என்று ரோட்டுப் பக்கமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டைப் பார்க்க அவள் நடந்த நடையில் ஒரு வேகம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பொன்ராஜ் மறுபடி கயிற்றைப் பிடித்தான்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வாளி தார்ப்பாயில் போய் முட்டியது. கிணறு வற்றிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கிருஷ்ணப்ரியா ஓடி வந்து அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்து, இந்தக் கைதான் என் படம் என்று சொல்லிக் கலங்கினாள். செடி நனைவதை அப்புறம் சென்னையில் சேர்த்துக்கொள்வாளாம். கறுப்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டினார்கள். வேன்கள் ஒவ்வொன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. போகிற அவசரத்தில் சட்டையையும் அட்டையையும் திருப்பி வாங்க நியாஸுக்கு மறந்துவிட்டது.

பொன்ராஜ் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள்ளேயே நடந்தான். ஈரச் சேறு விரல் இடுக்கில் பிதுங்கியது. வீட்டில் இந்நேரம் ஈஸ்வரி துணிகளைக் கொடியில் போட்டிருப்பாள். கவட்டைக்கு வந்தான்.

வலது பக்கம் ஒரு பொட்டு ஈரமில்லை. அவன் காட்டுக்குத் தண்ணீர் திரும்புகிற வாய்மடையில் புதுச் சேற்றை வைத்து, கசியாதபடி மண்வெட்டியால் தட்டி அணைத்திருந்தது. அதற்கப்பால் தரை காலையில் வெடித்திருந்தபடியே வெடித்துக் கிடந்தது. செடிக்கடியில் பிஞ்சுகள் உதிர்ந்திருந்தன. இடது பக்கம் மிளகாய்ப் பாத்தி முழுக்கத் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. முழங்கால் வரைக்கும் சேற்றோடு ஆவுடைத்தாய் கடைசிப் பாத்தியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, தண்ணி தப்பாத் திரும்பிருச்சு" என்றான். அப்போதும் அவனுக்கு அவ்வளவுதான் தோன்றியது.

"தப்பா திரும்பல. இன்னிக்கு எம் முறை."

என்ன முறை, எந்தக் காலத்து முறை என்று கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் அவளே சொன்னாள், கோபமில்லாமல், நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். கிணற்றில் கடைசியாகத் தண்ணீர் கிடந்த அன்றைக்கு அவன் முறை. மோட்டாரைப் போட்டுச் சகதி வருகிற வரைக்கும் உறிஞ்சி நிலக்கடலைக்குப் பாய்ச்சினான். அவள் இதே இடத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். நாளைக்கு உங்கள் முறை மதினி என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த நாளை இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

அவனுக்கு நினைவு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் அடுத்தவன் நிலத்தில் ஒரு முழம் வரப்பை வெட்டுகிறவன்கூட முறைத் தண்ணீரில் கை வைக்க மாட்டான். வைத்தால் ஊர் முகத்தில் முழிக்க முடியாது. வரப்பில் உட்கார்ந்தான். வாசலில் அவிழ்த்த பைகளை ஈஸ்வரி மறுபடி கட்ட வேண்டும். அதை அவளிடம் அவன்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

"மதினி, மழைத்தண்ணியா இருந்தா முறை பேசலாம்" என்றான். "இது நான் அந்தப் பிள்ளகிட்டக் கெஞ்சி ஊத்த வச்ச தண்ணி. லாரிய வெரட்டிப் பிடிச்சது நானு, இந்தக் கையால எறச்சது நானு. இதுல நீங்க செஞ்சது என்ன இருக்கு?"

ஆவுடைத்தாய் கடைசி மடையையும் அணைத்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் கழுத்தில் தொங்கிய வசூல்காரன் அட்டையைக் கொஞ்ச நேரம் இரக்கமாகப் பார்த்தாள்.

"எறச்சது போதும் கொழுந்தனாரே, பாத்தி நெறஞ்சுபோச்சு. களையெடுப்புல வந்து ஒக்காந்து கேட்ட அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதையச் சொல்லி, இந்தக் கெணத்தையும் காட்டிவிட்டது யாருன்னு நெனச்சீக?"